சிஞ்ஞோராவுக்கு ஒரு கல்வெட்டு

சிஞ்ஞோரா,

இன்று காலையில் உங்கள் பசை டப்பாவைத் திறந்தேன். மூடி இறுகிப்போய்க் கிடந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித்தான் எடுத்தேன். பசையின் பாதாம் வாசம் என் சின்னக் குசினி முழுக்கப் பரவியது. மகள் அறைக்குள் இருந்து, "அம்மா, கேக் செய்யிறியளோ?" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒரேத்தோத் தெருவில் பசையை மோந்து மோந்து அழுகிற பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

உங்கள் பெறாமகள், அந்த உடன்பிறப்பின் பிள்ளை, இங்கிலாந்திலிருந்து வந்து வீட்டை ஒதுக்கியபோது, "நினைவுக்கு என்ன வேணும்?" என்று என்னை நல்லமாதிரித்தான் கேட்டாள். வெள்ளிக் கரண்டிகளைக் கேட்பேன் என்று நினைத்திருப்பாள். நான் இந்த டப்பாவைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தந்தாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் உங்கள் வீட்டுக்கு நான் முதன்முதலில் வேலைக்கு வந்த அன்று, அந்த நீள நடை முழுக்கக் காகிதம். கவிதைகளை நகலெடுத்து, கத்தரித்து, தரையில் பரப்பிவிட்டு, நடுவில் முழங்காலில் நின்றீர்கள். எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் எதை வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்று பார்க்கிறீர்களாம். தரையில் பொருந்தினால்தான் பசை, பசை பிடித்தால்தான் புத்தகமாம். நான் தும்புத்தடியோடு வாசலில் நின்றேன்.

"எழும்புங்கோ சிஞ்ஞோரா. கூட்ட வேணும்."

"மெதுவா, மெதுவா. இவையள் எல்லாரும் செத்துப்போன ஆக்கள்."

"செத்த ஆக்களெண்டாலும் குப்பை குப்பைதான். எழும்புங்கோ!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள்.

நாங்கள் கதைத்தது இத்தாலியனில்தான். நீங்கள் இங்கிலாந்துக்காரி, உங்களுடையது புத்தகத்தில் படித்த இத்தாலியன். என்னுடையது சந்தையில் மீன்காரனோடு சண்டைபிடித்துப் பழகியது. ஆனாலும் இப்போது நினைத்தால் உங்கள் குரல் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது. என்ன செய்ய, அப்படித்தான் மனதில் பதிந்து கிடக்கிறது.

நீங்களே எழுதிய கவிதைப் புத்தகங்கள் இரண்டு, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி அளவுக்கு மெலிந்தவை. மற்றவர்களின் கவிதைகளைத் தெரிந்தெடுத்துப் போட்ட தடித்த புத்தகங்களோ ஒரு அலுமாரி நிறைய. கடலைப் பற்றி ஒன்று, நாய்களைப் பற்றி ஒன்று, பாணையும் வெண்ணெயையும் பற்றிக்கூட ஒன்று! "உங்கடையையும் ஒண்டு போட்டால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "விருந்துக்குக் கூப்பிட்டுப்போட்டு நானே முதல் பந்தியிலை இருக்கிறதோ?" என்றீர்கள்.

ஆனால் இங்கிலாந்திலிருந்து வேறு யாராவது தொகுத்த புத்தகம் வந்தால், உறையைக் கிழித்தவுடன் பின்பக்கத்தைத்தான் திறப்பீர்கள். அங்கேதானே பெயர்ப்பட்டியல் இருக்கும். விரல் மேலிருந்து கீழே ஓடும், ஓரிடத்தில் நிற்கும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "தேத்தண்ணி போடுவமோ?" என்பீர்கள். வந்த புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதேதான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி என்னதான் தேடுறியள் என்று கேட்டேன். "ஆராவது ஒராள் என்னைத் தெரிஞ்செடுக்க வேணும்," என்றீர்கள். "ஒரு புத்தகம், ஒரு பக்கம். வேறை ஒண்டும் வேண்டாம்." அன்று தேத்தண்ணிக்கு நானாகவே இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டேன்.

பிறகு என் அம்மா ஊரில் செத்துப்போனா. இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, என் பெர்மெசோ, புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்ததால் நான் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகம் மட்டும் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. அட்டையில் அம்மாவின் படம், உள்ளே அவவைப் புகழ்ந்து அழுகிற பாட்டு. உங்கள் குசினியில் அதை வாசித்து அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து இருந்தீர்கள். வரிவரியாகச் சொல்லச் சொன்னீர்கள். குலவிளக்கு என்றால் என்ன, ஏன் பாட்டில் வெறும் பாயைப் பற்றி அழுகிறார்கள் என்றெல்லாம் கேட்டீர்கள். அப்போது நீங்கள் இரங்கற் பாட்டுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தீர்கள். "இதை எனக்குத் தா. ஆனால் எழுதினவரிட்டைக் கேட்காமல் போடமாட்டன்."

ஊரில் அந்தக் கல்வெட்டை அடித்த அச்சகக்காரத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் சிரித்தான். "அது ஆர் எழுதினதெண்டு ஆருக்கக்கா தெரியும்? அப்பா காலத்திலையிருந்து கிடக்குது. பேரை மாத்தி மாத்தி எல்லாருக்கும் போடுறம்."

எனக்கு முகம் விழுந்துபோனது. என் அம்மாவுக்கென்று அழுத பாட்டு ஊருக்கெல்லாம் அழுத பாட்டாம்! கோபத்தோடு உங்களிடம் சொன்னேன். நீங்களோ கைதட்டாத குறை. "ஒரு ஊரே தன்ரை சொந்தச் சாவுக்கெண்டு தெரிஞ்செடுக்கிற பாட்டு! எங்களிலை ஆருக்கு இந்தக் குடுப்பினை கிடைச்சது?" என்றீர்கள். ஆங்கிலத்தில் அதைப் போட்டீர்கள், அம்மாவின் பெயரை மாற்றாமலே. புத்தகம் வந்த அன்று பின்பக்கப் பட்டியலைத் திறந்து, எழுதினவரின் இடத்தில் நின்ற அம்மாவின் பெயரின் மேல் என் விரலைப் பிடித்து வைத்தீர்கள். அது மறக்குமா சிஞ்ஞோரா?

உங்கள் கடைசி நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு ஒரு கவிதை எழுதித் தந்தீர்கள். இப்போதும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில்தான் ஒட்டியிருக்கிறது. இத்தாலியனில் சொல்லிக் காட்டியபோது நான் கோபப்பட்டேன். "என்னை ஏன் தும்புத்தடியோடை நிப்பாட்டினியள்? நல்ல சீலையோடை நிப்பாட்ட ஏலாதோ?" அதற்கும் அதே சிரிப்பு.

போன மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். பெறாமகள் சாம்பலையும் கொண்டு போய்விட்டாள். நாளைக்கு உங்களுக்கு அந்தியேட்டி. வெள்ளைக்காரிக்கு அந்தியேட்டியோ என்று சனம் கேட்கட்டும். நாலு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் எதிர்வீட்டுக்காரியும் வருகிறாள். அச்சகத் தம்பியிடம் கல்வெட்டுக் கேட்டேன். "பேரை மட்டும் அனுப்புங்கோ அக்கா, மிச்சம் இருக்குது," என்றான். "ஒண்டும் வேண்டாம், பாட்டு நான் அனுப்புறன்," என்றேன்.

அந்த நத்தார்க் கவிதையின் ஆங்கிலத்தை மகள் இத்தாலியனில் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். ஒரு சொல்லுக்காக இரண்டு பேரும் சண்டையும் பிடித்தோம். கடைசியில் இப்படி வந்தது:

என் வீட்டுத் தரையெங்கும் மற்றவர் பாட்டுகள்.
வாசலில் ஒருத்தி தும்புத்தடியோடு நிற்கிறாள்.
எழும்புங்கோ என்கிறாள்.
செத்துப்போன நாங்கள் எல்லோரும் எழும்பினோம்.

"கல்வெட்டிலை எழுதினவையின்ரை பேர் போடுறேல்லை அக்கா," என்றான் தம்பி. போடச் சொன்னேன். பின்பக்கத்தில் ஒரு பெயர்ப்பட்டியலும் வேண்டும் என்றேன். "ஒரு பாட்டுக்கு என்ன பட்டியல்? உங்களுக்கு விசரோ?" என்று கேட்டான். அதை மட்டும் செய்யாமல் கல்வெட்டுகளைப் பார்சலில் அனுப்பிவிட்டான். பெரிய ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்து நகல் கடையில் பட்டியலை நானே தனியாக அடித்து வந்தேன். அதை ஒட்டத்தான் இன்று இந்தப் பசை.

முதல் பிரதியை ஒட்டி, காய்ந்ததும் கையில் எடுத்தேன். அட்டையில் உங்கள் படம். அதைக்கூடப் பார்க்கவில்லை நான். உங்களைப் போல நேரே பின்பக்கத்தைத்தான் திறந்தேன். விரலை மேலிருந்து கீழே ஓட்டினேன்.

இருக்கிறீர்கள் சிஞ்ஞோரா.