அடக்கும் வயரை வெட்டிய வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்று சுத்தமாக இல்லை. ஆடி மாதம், வாடகைக்கு விடும் மைக் செட், குழாய் எல்லாம் கூழ் ஊற்றும் கோயில்களில். கடை காலி. மகள் ஜெனி கேட்ட ஆம்பைப் பிரித்தேன்.

பழைய வால்வு ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி. பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, வீட்டில் யாரும் வாசிக்காததால், போன வருடம் என்னிடம் தள்ளிவிட்டது. கனம் என் மாமியார் வீட்டு பீரோ அளவு.

நேற்று ஜெனி போன். சனிக்கிழமை காலேஜ் விழா. இவள் குழுவும் வாசிக்கிறது. "அப்பா, அந்த வால்வு ஆம்ப ராக்குக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர முடியுமா? முடியலன்னா சொல்லிடு, வாடகைக்கு ஒண்ணு பாத்துக்கறோம்."

முடியலன்னா சொல்லிடு. அதுதான் குத்துகிறது.

இரண்டு வருடம் முன் கோயில் திருவிழா. மேடையில் இவள் கிட்டார், சத்தம் ஏற்றி இறக்கும் மிக்சரில் நான். பெரியவர் ஒருவர் வந்து, "என்னாய்யா ஒரே கரகரன்னு" என்றார். இவள் சத்தத்தை மட்டும் இறக்கிவிட்டேன். பாட்டு முடியும்வரை ஏற்றவே இல்லை. வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அதோடு கிட்டார் அண்ணாமலை நகர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனது. லீவுக்கு வருவாள், சாப்பிடுவாள், தூங்குவாள். கிட்டார் வராது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது அவளாகவே கேட்டிருக்கிறாள். சொதப்பக் கூடாது.

வேலை:
கரண்டைத் தேக்கும் பெரிய கண்டென்சர் மூன்றும் மாற்ற.
தொடுமுன் உள்ளே நிற்கும் கரண்டை இறக்க. (பிளக்கைப் பிடுங்கினாலும் முந்நூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும்.)
வால்வு கால்கள் துடைக்க.
இட்லி மாவு. வீட்டுக்காரி ஸ்டெல்லா இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

மாவு மறந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதியம் ஒரு தூறல். கண்டென்சர் மாற்றியாயிற்று. பாதுகாப்புக்கு நடுவில் ஒரு சீரீஸ் பல்பு போட்டு மெதுவாகக் கரண்ட் கொடுத்தேன், வெடிக்கவில்லை. வால்வுகள் செக்கச்செவேல் என்று எரிந்தன. என்னமோ நானே கண்டுபிடித்தது போல ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாவு எங்க" என்றாள்.

சாயங்காலம்வரை டெஸ்டிங். இரைச்சல் போயிற்று. கரகரப்பு போயிற்று. வெளியே போகிற சத்தத்தில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி அனுப்பி அடக்குகிற வயர் ஒன்று உண்டு. அதை இன்னும் பலமாக்கினேன். ஃபுல் வால்யூமில் வைத்தாலும் கண்ணாடி போலச் சத்தம். முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு சுத்தம் கேட்டதில்லை.

ஸ்டெல்லா உள்ளேயிருந்து: "எலெக்‌ஷன் வந்துடுச்சாங்க?"

ஆகஸ்ட் 6, புதன்

மச்சான் சேவியரின் லோடு ஆட்டோவில் சிதம்பரம். ஸ்டெல்லாவின் தம்பி. வழியெல்லாம் பேச்சு. "மாமா, இது ஆம்பா இல்ல அம்மிக்கல்லா?"

காலேஜ் பிராக்டிஸ் ரூம். ஜெனி கிட்டாரைச் செருகி ஒரு இழுப்பு இழுத்தாள். இன்னொன்று. நிறுத்திவிட்டாள். டிரம்ஸ் வாசிக்கும் பெண் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தாள். லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"அப்பா, இத எத வச்சு டெஸ்ட் பண்ண?"

"கடையில கிட்டார் ஏது? மைக்க வச்சுதான்."

"மைக்ல என்ன சொன்ன?"

"அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ."

சேவியர் வெளியே போய்ச் சிரித்தான். ஜெனி உள்ளேயே சிரித்தாள். "பஸ் ஸ்டாண்டு அனௌன்ஸ்மெண்ட் மாதிரி இருக்குப்பா. பண்ருட்டி வழி விழுப்புரம்னு சொல்லலாம்."

செல்லில் ஒரு துண்டு போட்டுக் காட்டினாள். முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. பிறகு அது ஒன்றாகச் சேர்ந்து நீளமாக ஒரு உறுமல். "இந்தக் கரகரப்புதான் வேணும்."

பத்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்குக்கூடப் புரிந்தது. எந்தச் சத்தத்தை நான் வாழ்நாள் முழுக்க விரட்டினேனோ, அதைத்தான் பிள்ளை கேட்கிறது. அன்று திருவிழாவிலும் அதைத்தான் வாசித்திருக்கிறாள். பழுது என்று நினைத்து இறக்கிவிட்டிருக்கிறேன்.

பையில் சாமான் இருந்தது. தரையிலேயே பிரித்தேன். ஆஃப் செய்வேன், கரண்டை இறக்குவேன், ஒன்று மாற்றுவேன், அவள் வாசிப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி ஆஃப். முதல் வால்வின் காலில் ஒரு கண்டென்சர் சேர்த்தபோது, "கிட்ட வந்துட்ட" என்றாள். கடைசியில் அடக்கும் வயரை வெட்டினேன். நேற்று நானே பலமாக்கியது.

வாசித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டிரம்ஸ் பெண் எழுந்து நின்றாள். ஜெனி என் பக்கம் பார்க்கவே இல்லை, வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அன்னிக்கு இறக்கியிருக்கக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். "அந்த ஸ்க்ரூ டிரைவரக் குடு" என்றேன். கொடுத்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்று கோயில், ஒரு காதுகுத்து. தலைவலி. மாவு வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

விழா. பஸ்ஸில் போனேன், நல்ல சட்டை. முன் வரிசையில் உட்காரலாம் என்று கனவு.

பையன்கள் ஆம்பை மேடைக்கு உருட்டியதில் வால்வு செருகும் சாக்கெட் ஒன்று ஆடிப்போய்விட்டது. சத்தம் வருகிறது, போகிறது. மாற்ற நேரமில்லை. ஜெனி முகம் வெளுத்துவிட்டது. வாடகை ஆம்பும் இல்லை.

"நீ வாசி. நான் புடிச்சிக்கறேன்" என்றேன்.

"சுடும்பா."

"துண்டு இருக்கு."

ஆம்புக்குப் பின்னால் குத்தவைத்தேன். துண்டை நான்காக மடித்து ஒரு கையால் வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கை சட்டைப் பையில், வேறு எதையும் தொட்டுவிடாதபடி. மூன்று பாட்டு. நான் பார்த்தது அவள் செருப்பும் கேபிளும்தான். பின்னால் இருந்ததால் எப்படிக் கேட்டது என்றும் தெரியவில்லை. துண்டு வழியாகக் கைக்கு அதிர்வு வந்தது, அவ்வளவுதான். கடைசிப் பாட்டில் செருப்பு இரண்டும் தரையை விட்டு எழும்பின.

முடிந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் மரத்துவிட்டன. ஜெனி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். சுட்டுவிரலில் கொப்புளம்.

"புடிச்சிக்கினே இருந்தியா?"

"விட்டா சத்தம் எறங்கிடுமே."

பாட்டிலில் இருந்த தண்ணீரை விரலில் ஊற்றினாள். நெடுநேரம் ஊற்றினாள்.

சாக்கெட் மாற்ற ஆம்பைச் சேவியரின் ஆட்டோவில் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புது சாக்கெட் போட்டேன். கொப்புளம் உடைந்தது. ஜெனியிடம் போனில் சொன்னேன், ரெடி என்று. "எத வச்சு டெஸ்ட் பண்ண?" என்றாள். ஒன்றும் வைக்கவில்லை என்றேன். "அப்படியே வை. நான் வரேன்."

ஆகஸ்ட் 16, சனி

பகல் மழை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஜெனி. முதுகில் கிட்டார்.

சோறு தின்றாள். மீன் குழம்பு. பிறகு முன் ரூமில் ஆம்பைப் போட்டாள். நான் கூடத்தில் பேப்பர் படிப்பதுபோல. ஒரே பக்கம்.

எதிர் வீட்டில் ஜன்னல் சாத்தினார்கள். அலமாரியில் டம்ளர் எல்லாம் ஆடுகிறது. ஸ்டெல்லா கரண்டியோடு வந்து, "காது கிழியுது, போய்க் கொறைக்கச் சொல்லுங்க" என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீ போ."

கோபமாகப் போனாள். கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் திரும்பவில்லை, சத்தமும் குறையவில்லை. ராத்திரிக்கு அடுப்பில் வைத்த குழம்பை நான்தான் இறக்கிவைத்தேன்.