சைலன்சரில் கட்டிய வலை

சாத்தூர்
12-9-2006

அன்பு மகன் ஜாபர் சாதிக்குக்கு அத்தா கமாலுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் உன் அம்மா, தங்கை மஹ்ரீன், நான் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் ஷார்ஜா வெயிலில் வாடாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் நீ நம் வாடகைக் காரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஓடுது ஓடுது என்று சொல்லிவிட்டேன். அது பொய். ஒரு மாதமாக வண்டி படுதா போட்டு வாசலில் கிடக்கிறது.

ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிகிற அந்த மஞ்சள் விளக்குச் சங்கதி உனக்குத் தெரிந்ததுதான். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு சூப்பர்வைசர்களை ஏற்றி இறக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே எரிய ஆரம்பித்தது, இழுவையும் குறைந்தது. மெக்கானிக் முத்துராமலிங்கம் மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் கோளாறுன்னு கோடு நம்பர் காட்டுது பாய், பொகைய மோந்து பாக்குற சாமான் அதுதான், மாத்திருவோம் என்றான். மாற்றினான், ஒரு வாரம் அணைந்திருந்து திரும்ப எரிந்தது. அங்கன விக்கிறது டூப்ளிகேட்டா இருக்கும்த்தா என்று நீயும் உன் ஒர்க்‌ஷாப்பில் விசாரித்து, ஊருக்கு வந்த ஆளிடம் நல்ல சென்சாராகக் கொடுத்தனுப்பினாய். அதைப் போட்ட பிறகும் அதே கோடு நம்பர்தான். விளக்குத்தானே எரிகிறது, வண்டி ஓடுகிறதே என்று சீசன் நேரத்தில் நானும் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன், டமார் என்று சைலன்சர் வெடித்தது. நம் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று உனக்கா தெரியாது. வெடிமருந்து அறைகளில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி வெறுங்காலோடு வேலியைப் பார்த்து ஓடினார்கள். வள்ளித்தாய் என்ற பெண் படியில் இருந்து குதித்துக் கல்லில் விழுந்ததில் கணுக்கால் முறிந்துபோனது. போன வருஷத் தீ விபத்தில் அக்காளைப் பறிகொடுத்தவள் அவள். ஒண்ணுமில்ல தாயி, காருதான், காருதான் என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், யார் காதிலும் விழவில்லை. கொஞ்ச நாளைக்கு வண்டிய இங்கன கொண்டு வராதீக பாய், பொம்பளையாளுக உள்ள போகவே பயப்படுதாக என்று போர்மேன் சின்னச்சாமி சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் என்ன தப்பு.

பிறகுதான் முத்துராமலிங்கம் வண்டியின் பின்பக்கம் படுத்துப் பார்த்தான். தீப்பொறி பறக்காமல் இருக்க சைலன்சர் வாயில் வலை கட்டினால்தான் கம்பெனிக்குள் விடுவார்கள். ஒரு வலை போதும் என்றார்கள். நம்மால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில் நான் முதல் நாளே மருந்து சலிக்கிற நைஸ் பித்தளை வலையைக் கேட்டு வாங்கி, இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டியிருந்தேன். வெடித்ததில் பாதி பிய்ந்து தொங்கியது, மீதியில் கரி தார் மாதிரி அப்பியிருந்தது. புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறி, எரியாத பெட்ரோல் குழாயில் தேங்கி வெடித்திருக்கிறது. சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது, அதைப் போய்க் கெட்டுப்போனது என்று கழற்றி எறிந்தோம். யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்று கட்டியதுதான் ஒரு பெண்ணின் காலை முறித்தது, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்.

வலையை எடுத்ததும் விளக்கு அணைந்துவிட்டது, வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. நான்தான் நன்றாக இல்லை. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணையுமே, அதற்குள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறேன். நான் வத்தல் மூடை தூக்கக் கூடாதென்று நீ அங்கே கிடந்து வாங்கிக் கொடுத்த வண்டி, விற்கலாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உன் அம்மா பைரோஜா, பையனுக்கு எழுதித் தொலைச்சாவது நிம்மதியாத் தூங்குங்க என்கிறாள். சென்சாரை மாற்றச் சொன்னோமே என்று நீ மருகாதே, பின்பக்கத்தை எவனும் பார்க்கவில்லை.

வள்ளித்தாயைப் பார்க்கப் போனேன். போன வருசம் சத்தங் கேட்டு ஓடாம நின்னவுக யாரும் திரும்பி வரலையேண்ணே, நான் ஓடினேன், விழுந்தேன், அதுக்கு நீங்க என்ன செய்வீக என்றாள். அவள் அம்மா கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வருகிற வியாழக்கிழமை மதுரையில் மாவுக்கட்டைப் பிரிக்கிறார்களாம். பஸ்ஸில் காலை நீட்ட முடியாது, உங்க வண்டியிலேயே கூட்டிட்டுப் போங்கண்ணே என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வழியில் இன்னொரு தடவை வெடித்தால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் எங்கே ஓடுவாள்.

நோன்பு வரப்போகிறது, விடியலுக்கு முன் சஹர் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. உன் உடம்புக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வான், என் துஆ எப்போதும் உன்னோடு இருக்கும். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது அந்த வியாழக்கிழமை போயிருக்கும். மதுரைக்குப் போனீகளா அத்தா என்று மறக்காமல் போனில் கேள். இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன்.

உன் அத்தா,
கமாலுதீன்