மூன்றைக் கேட்டால் இரண்டின் பதில்

2-11-98, திங்கள்

காலையிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள். ஊருக்குப் போகவில்லை. லீவு கேட்கலாம் என்று சார் மேஜை வரை போனேன். வாய் வரவில்லை. ஒரு பேனா கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அம்மா மட்டும் போய் மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள். இந்தத் தூறலில் நின்று எரிந்ததோ என்னவோ.

பேனாவோடு வேலையும் கிடைத்தது. சுந்தரி அக்கா எழுதிய டிரைவர் புரோகிராம். ஓரத்தில் துளை போட்ட நீளத் தாள், மடித்து மடித்து ஒரு கட்டு. வெள்ளிக்குள் படித்து முடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தமிழில் சொல்ல வேண்டும் என்பதால் இங்கே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். நாங்கள் செய்யும் சார்ஜர் பெட்டியில் எட்டு பாட்டரி செல் மாட்டலாம். ஒரே சிப் எட்டின் வோல்டேஜையும் ஒவ்வொன்றாக அளந்து எண்ணாக்கும். சிப்பிடம் "மூன்றைச் சொல்" என்று கேட்பதும், வரும் எண்ணை வாங்கிப் பெட்டியை நடத்தும் லினக்ஸுக்குள் சேர்ப்பதும் டிரைவர். எந்தச் செல் நிறைந்ததோ அதற்கு மட்டும் கரண்ட் நிற்கும். நிறைந்த பிறகும் ஏற்றினால் செல் சூடாகும், உப்பும், வெடிக்கவும் வெடிக்கும். எண்ணை நம்பித்தான் எல்லாம்.

வெள்ளிக்கிழமை பாராயணம். வழக்கம் சார் வைத்தது, பெயர் ராமநாதன் வைத்தது. படித்தவர் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். எழுதியவர் கடைசித் தாள் வரை வாய் திறக்கக் கூடாது. இதுவரை மூலையில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

இன்று பேசியது:
"கோவிலூர் ரோடு ஒண்ணு." (கண்டக்டர்)
"சார், பேனா."
"சரி சார்."
"போதும் ஆச்சி." (குழம்பு)
மத்தியானம் சு. அக்காவிடம் பேசியது இதில் சேராது. அது மட்டும்தான் பேச்சு.

3-11, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். ஃபேன் சுற்றினால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை சொட்டுகிறது. சால்டரிங் கம்பிச் சுருளைத் தாள்மேல் வைத்துக்கொண்டேன்.

சு. அக்கா எழுத்து சுத்தம். தேவையில்லாத வரி ஒன்று இல்லை. அவர் வீட்டில் நகை வேலை. அப்பா குறடு பிடிப்பதைப் பார்த்துத்தான் சிப்பைப் பிடிக்கக் கற்றாராம். கெர்னல், அதாவது லினக்ஸின் உள்மையம், யாரும் சொல்லித்தரவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த சி.டி.யை வைத்துக்கொண்டு அவராகவே. படிக்கப் படிக்கப் பொறாமையும் பெருமையும். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பு தாண்டியவள் நான் ஒருத்திதான். அக்கா வீட்டிலும் அதே கதை. அதனால்தான் முதல் நாளே அவர் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார் என்று நினைக்கிறேன்.

ராமநாதன் (டிஸ்ப்ளே பலகை இவர் வேலை) போகிறபோக்கில், "பொம்பள எழுதி பொம்பளயே பாக்கிறதா? கோலப்போட்டி மாதிரி ரெண்டு பேருக்கும் பரிசு குடுத்துருவீக." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல், "உங்க டிஸ்ப்ளேல எட்டு மூணாத் தெரியுது, அத மொதல்ல பாருங்க" என்றார். இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். இப்படி டக்கென்று சொல்ல எனக்கு எப்போது வரும்?

வாங்க: சீயக்காய், தபால் கார்டு, குடைக்கு ஒரு கம்பி.

4-11, புதன்

விடாத மழை. துணி காயவில்லை.

வீட்டுக்கார ஆச்சிக்கு ஒரு குணம். (ஆச்சி என்றால் கிழவி இல்லை, ஐம்பதுகூட இருக்காது.) எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கையிலிருக்கிற காரியம் முடிந்த பிறகுதான் வரும். அதற்குள் நாம் அடுத்ததைக் கேட்டிருப்போம். காலையில் "தண்ணி வந்துச்சா ஆச்சி?" பதில் இல்லை. மாடிக்குப் போய்த் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கி, "பால்காரர் வந்தாரா?" என்றேன். "வந்துச்சு, ரெண்டு குடம் பிடிச்சு வச்சிருக்கேன்." பஸ்ஸில் நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தார்.

மத்தியானம் சிரிப்பு போய்விட்டது.

சிப் விவரத்தாளின் ஜெராக்ஸ்தான் எங்களிடம் இருப்பது. எப்போது கேட்டால் எப்போது பதில் வரும் என்று கோடு போட்டுக் காட்டும் பக்கத்தில் அடிவரி வெட்டுப்பட்டிருக்கிறது. சார் அலமாரியில் மூலப் புத்தகம் இருந்தது. தூசி தட்டிப் பார்த்தேன். அடிவரி இதுதான்: கேட்கும்போது வருவது இந்தக் கேள்வியின் பதில் அல்ல, இதற்கு முந்தைய கேள்வியின் பதில்.

ஆச்சியேதான்.

அக்காவின் டிரைவர் "மூன்று" என்று கேட்டு, உடனே வந்த எண்ணை மூன்றாம் இடத்தில் வைக்கிறது. அது இரண்டின் எண். எல்லாம் ஒரு இடம் தள்ளி. மூன்றாம் செல் நிறைந்தால் நான்காவதற்குத்தான் கரண்ட் நிற்கும். மூன்றாவது ஏறிக்கொண்டே இருக்கும்.

சோதனையில் ஏன் தெரியவில்லை? எங்கள் டெஸ்ட் ஷீட் அப்படி. புதுப் பலகை வந்தால் எட்டு வயரையும் சேர்த்து ஒரே செல்லில் மாட்டு, எட்டும் ஒரே எண் காட்டினால் பாஸ். எட்டிலும் ஒரே செல் இருந்தால் யாருடைய பதில் யாருக்கு வந்தால் என்ன?

தப்பு நான் படித்ததிலேயே இருக்கட்டும். மறுபடி படித்தேன். மறுபடியும்.

அக்காவிடம் இன்று சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த வெண்டைக்காய் காரக்குழம்பைப் பாதியில் ஒதுக்கி வைத்தேன். "ஏன்டி அமலி, காரமா?" என்றார். ஆமாம் என்றேன்.

5-11, வியாழன்

வானம் மூட்டம், மழை இல்லை.

இரண்டு செல் மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் பெட்டி ராமநாதனிடம் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பார். அவருக்குத் தெரிந்தால் டீ வருவதற்குள் ஊருக்கே தெரியும்.

ஆகவே சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமே. புத்தகத்தையும் எடுத்துப் போனேன். சோற்றைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். எட்டையும் ஒரே செல்லில் மாட்டித்தானே பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஆமாம், மூன்று தசமம் வரை ஒத்து வந்தது, அதற்குமேல் என்ன வேண்டும் என்றார். புத்தகத்தை விரித்து நீட்டினேன்.

"இந்தப் பக்கத்த ஒரு தடவ பாருங்கக்கா."

பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "நான் ஒரு எடத்துல சறுக்குவேனான்னுதான் இவுக எல்லாம் காத்துக்கிட்டிருக்காக. நாளைக்கு நீ அவுக முன்னாடி இதச் சொல்லப் போற. அப்படித்தானே?"

புத்தகத்தை மூடினேன். அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சொல்லாமல் விடலாம். "இந்த வரி செல்லின் எண்ணை வாங்குகிறது" என்று சொன்னால் பொய்யும் இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை பெட்டி பாட்டரிக் கம்பெனிக்குப் போகிறது. அங்கே அதன்முன் யார் உட்காருவார்களோ, அவர்களை எனக்குத் தெரியாது.

இன்று பேசியது: எழுத மனமில்லை.

6-11, வெள்ளி

காலையில் வெயில். நீலச் சேலை. மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

சார் மேஜையின் தலைப்பக்கம், அக்கா எதிரே, ராமநாதனும் மற்றவர்களும் சுற்றி. பெட்டி நடுவில். ஆரம்பத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாம்மா" என்றார் சார். போகப் போக வந்தது. இந்த வரி இடம் ஒதுக்குகிறது. இந்த வரி மற்றவர் உள்ளே வராமல் பூட்டுகிறது. இந்த வரி சிப்பிடம் கேட்கிறது.

அடுத்த வரி. நின்றுவிட்டேன்.

"என்னம்மா, மேல போ."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார். விரலால் அதே வரியைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னேன். "இது இந்தச் செல்லோட எண் இல்ல சார். முந்தின செல்லோடது." புத்தகத்தை சார் பக்கம் தள்ளினேன்.

சார் படித்தார். எழுந்து பெட்டியில் மூன்றாவது செல்லைக் கழற்றித் தீர்ந்துபோன செல் ஒன்றை மாட்டினார். திரையில் மூன்று அப்படியே இருந்தது. நான்கு விழுந்தது.

ராமநாதன் மேஜையைத் தட்டினார். "தபால்காரர் ஒரு வீடு தள்ளிப் போட்டுட்டுப் போறாரு. எட்டு வீட்டுக்காரனும் சம்சாரத்துக்கு வந்த கடுதாசிய மாத்திப் படிக்க வேண்டியதுதான்." சிரிப்பு. அக்காவின் காது மடல் சிவந்தது. வாய் திறக்கக் கூடாது, விதி. திறந்திருந்தால் ராமநாதனுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும்.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. "எட்டையும் ஒரே செல்லுல மாட்டிப் பாக்கச் சொல்றது நம்ம டெஸ்ட் ஷீட்டு. அக்கா அதுல உள்ளபடிதான் செஞ்சாக. உங்க பலகையும் அப்படித்தானே பாஸ் ஆச்சு? அது யாரு எழுதுனதோ அவுகளையும் சேத்துச் சிரிங்க."

சிரிப்பு நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது நான் எழுதுனதும்மா" என்றார்.

மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் கோபப்படவில்லை. அந்த ஷீட்டை எடுத்து ஒரு கோடு போட்டு அடித்தார். மேல போ என்றார். மீதியையும் சொல்லி முடித்தேன். முடிந்ததும் எழுதியவர் பேசலாம். அக்கா சொன்னது ஒன்றே ஒன்று: "முதல் எண்ணைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி கேக்கணும். சாயங்காலம் மாத்திர்றேன்." மாற்றியும்விட்டார். எட்டு செல்லுக்கும் எட்டு எண், அதனதன் இடத்தில்.

மத்தியானம் அக்கா என்னோடு சாப்பிட வெளியே வரவில்லை.

8-11, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பூசை முடிந்து எல்லோரும் வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று பேசுகிறார்கள். செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நடந்தே வந்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கார்டு. "நன்றாக இருக்கிறேன். வேலையில் பெயர் கிடைத்தது." இடம் மீதி இருந்தது. மழையைப் பற்றி எழுதி நிரப்பினேன்.

இன்று பேசியது: ஆச்சியிடம், "நான் ஊருக்குப் போகல." பூசையில் பதில் சொன்னது சேராது, அது எல்லோரும் சொல்வது.

10-11, செவ்வாய்

பெட்டி வேனில் போயிற்று. தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். அக்கா அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். ராமநாதன்கூட என்னை "அமலியம்மா" என்கிறார், கேலியா என்று தெரியவில்லை.

மத்தியானம், நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிடும் பின்பக்க மரப்பெட்டிமேல் தனியாக. தயிர்சாதம். அக்கா டைப்பிஸ்ட் அறையில் சாப்பிடுகிறார். அங்கிருந்து அவர் சிரிப்பு கேட்டது.

செய்தது சரி. இதில் சந்தேகம் இல்லை. சரி என்பதோடு சாப்பிட உட்கார முடியாது.

11-11, புதன்

மழை. குடைக் கம்பி இன்னும் வாங்கவில்லை.

டீ நேரத்துக்குப் பிறகு மேஜைமேல் நிழல். அக்கா. கையில் புதுக் கட்டுத் தாள், அடுத்த டிரைவர், மை கையில் ஒட்டுகிறது. இதுவரை யார் படிப்பது என்பதை சார்தான் சொல்வார். முகப்பில் "படிப்பவர்" என்ற இடத்தில் என் பெயர், அக்கா கையெழுத்தில்.

எழுந்து நின்றேன். வாயில் வந்ததைக் கேட்டேன்,

"சாப்பிட்டீகளாக்கா?"

அக்கா கதவு வரை போய்விட்டார். அங்கே நின்று, திரும்பாமல்,

"அந்தப் பக்கத்தப் பாத்தேன்" என்றார். போய்விட்டார்.

வியாழக்கிழமை நான் கேட்டதற்குப் பதில்.

சாப்பிட்டாரா தெரியவில்லை. நாளைக்கு வேறு ஏதாவது ஒன்று கேட்க வேண்டும்.