இறங்குதுறையோடு முடிந்த ஒத்திகை

என் அன்பு ராணி மச்சாள்,

நீர் இருக்கும் இடத்தில் காற்று எப்படி? இங்கே இன்று கடல் அசையாமல் கிடக்கிறது. "ஒத்திகைக்கு நல்ல நாள்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓம், ஒத்திகைக்குத் திரும்பவும் நிதி வந்திருக்கிறது. அனர்த்தம் வந்தால் தீவுச் சனம் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுத்து, நடத்திக் காட்டி, படத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தத் திட்டத்தை எழுதுவது என் வேலை. என் தம்பியைக் கட்டி மடத்துவெளியிலிருந்து கடல் தாண்டி வந்த நாள் தொட்டு அந்த வேலையைப் பகிடி பண்ணினவர் நீர்தானே. "மச்சாள், வராத புயலுக்கு உமக்குச் சம்பளம். வந்த புயலுக்கு எங்களுக்குக் கூரையிலை போட ஒரு தறப்பாளும் இல்லை" என்பீர்.

ஆனால் ஸ்ட்ரெச்சரில் நோயாளியாகப் படுக்க ஆள் தேடி நான் ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தபோது கைகொடுத்தவரும் நீர்தான். உயிரோடு இருக்கிற ஆளை நாலு பேர் தூக்குவது கூடாது என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். நீர் மட்டும் கலியாண வீட்டுச் சீலையோடு வந்து நின்றீர்.

"உமக்கென்ன விசரே? வருத்தக்காரி இப்பிடியே வெளிக்கிட்டு வாறவள்?" என்று கேட்டேன்.

"படம் எடுப்பியள். அது எங்கையெல்லாம் போகுமோ ஆருக்குத் தெரியும். பழஞ்சீலையோடை கிடக்கச் சொல்லுறீரே?"

படுத்த பிறகும் வாய் ஓயவில்லை. "மெதுவா, மெதுவா, நான் செத்த ஆள் இல்லை" என்று தூக்கினவர்களை அதட்டிக்கொண்டே வருவீர். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நீர்தான் நோயாளி.

ஒத்திகை எப்போதும் இறங்குதுறையில் முடியும். உம்மை அங்கே இறக்கி வைத்து, படம் எடுத்து, கைதட்டிவிட்டு ரோல்ஸ் தின்னவும் பிளேன்ரீ குடிக்கவும் போய்விடுவோம். கடலில் கூடாத காரியத்தை நடித்துப் பார்க்கக்கூடாது என்பது படகுக்காரர்களின் நம்பிக்கை. அலுவலகமும் வற்புறுத்தவில்லை. காற்றடித்தால் ஒத்திகையையே தள்ளி வைப்போம். புயலுக்கான ஒத்திகையைக் காற்றடிக்கிறது என்று தள்ளி வைத்த ஆட்கள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா, மச்சாள்?

ஒருமுறை நீர் கிடந்தபடியே கத்தினீர்: "இஞ்சருங்கோ, என்னை இதிலை போட்டிட்டு எல்லாரும் ரோல்ஸுக்குப் போறியள். படகிலை ஆர் ஏத்துறது?" நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். நான் ஒரு ரோல்ஸைக் கொண்டுவந்து உம்மடை கையில் வைத்தேன். நீரும் படுத்தபடியே சாப்பிட்டீர்.

மார்கழியில் உமக்கு நெஞ்சு நொந்த அந்தக் காலை, எல்லாம் பழகினபடியே நடந்தது. ஸ்ட்ரெச்சர் உடனே வந்தது. நாலு பேரும் சொல்லாமலே தங்கள் தங்கள் மூலையைப் பிடித்தார்கள். தம்பி முன்னால் ஓடி வழி விலக்கினான். இறங்குதுறைக்கு வந்ததும், வழக்கமாக வைக்கிற இடத்திலேயே உம்மை இறக்கி வைத்தார்கள். பிறகு நின்றார்கள்.

ஐயோ ராணி, எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். அலை படிக்கட்டுக்கு மேலே அடிக்கிறது. படகு ஏறி இறங்கி ஆடுகிறது. ஸ்ட்ரெச்சரை எந்தப் பக்கத்தால் இறக்குவது, தலை முன்னுக்கா கால் முன்னுக்கா, எதோடு சேர்த்துக் கட்டுவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றேன். நீர் என் கையைப் பிடித்திருந்தீர். அவ்வளவு வாய்க்காரி, அன்று ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியில் எப்படியோ உம்மை ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற அக்கரைத் துறையான குறிகட்டுவான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது உம்மடை பிடி தளர்ந்துவிட்டது.

நேரத்தோடு ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பீரா? வைத்தியரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

உம்மடை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு படகுக்காரர் சிவராசா அண்ணை வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டும் இருக்கவில்லை.

"பிள்ளை, அண்டைக்கு நான் எஞ்சினை ஸ்ராட் பண்ணி வைச்சுக்கொண்டுதான் நிண்டனான். ஏத்துவம் எண்டு ஆராவது சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

நாங்களோ அவர் சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றோம், மச்சாள். இதை உமக்கு எப்படிச் சொல்லுவேன்?

போன கிழமைக் கூட்டத்தில் என் மேலதிகாரி பழைய அறிக்கைக் கோவையைப் புரட்டிக்கொண்டே, "போன முறை மாதிரியே போடுங்கோ. வடிவா நடந்ததுதானே?" என்றார்.

"ஏலாது, சேர்."

"ஏன்?"

"நோயாளி செத்துப்போனா."

வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒத்திகையைக் கடல் கொந்தளிக்கிற வாடைக்காற்றுக் காலத்தில் வைக்க வேண்டும். நோயாளியைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவானில் இறக்கும் வரை அது முடியக்கூடாது. 'ஏற்றுங்கோ' என்று சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். "படகுக்காரர் ஒத்துவராயினம்" என்றார் சேர். அவர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கும்வரை நான் விடப்போவதுமில்லை.

சிவராசா அண்ணையிடம் நானே போனேன். வலையை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"கடலிலை உதுகளை நடிக்கிறதில்லை, பிள்ளை."

"நடிக்காமல் விட்டுத்தானே, அண்ணை..."

அவர் வலையைத் திரும்ப எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "ஏத்துங்கோ எண்டு நான் சொல்லுறன். நோயாளி ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"சரி. ஆனா உம்மடை மச்சாள் மாதிரிக் கதைச்சுக்கொண்டு கிடக்கிறேல்லை." பகிடியாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

நீர் கட்டி வந்த அந்தச் சீலையைத் தம்பியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அலுமாரியைத் திறந்து தந்தவன், எதற்கு என்று கேட்கவில்லை. மாரி பிறந்து காற்றுக் கிளம்பியதும் அதைக் கட்டிக்கொண்டு படுப்பேன். இறங்குதுறையில் இறக்கி வைத்துப் படம் எடுக்கட்டும், ரோல்ஸைக் கொண்டுவந்து மூக்கடியில் நீட்டட்டும். படகில் ஏற்றும்வரை நான் எழும்ப மாட்டேன். சத்தியமாக எழும்ப மாட்டேன், ராணி.

உம்மடை கையை இன்னும் விடாத,
உம்மடை மச்சாள்