சாவி கொடுப்பதா, தானாக ஓடுவதா

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு வாட்சும் வந்துவிட்டன. அவள் மொபைலில் குறித்து வைத்திருந்த அதே இரண்டு. "உன் பிறந்தநாளுக்கு இதுல ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எது என்று சொல்லவில்லை. வெறும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

ஆர்டர் போட்டது அவள் தம்பி. "ரெண்டையும் கட்டிப் பாருங்க மாமா. வேணாங்கறத மாசக் கடைசிக்குள்ள திருப்பி அனுப்பிடலாம்."

இரண்டும் அந்தக் காலத்து ஜாடை, கைக்கு எட்டுகிற விலை. ஒன்று வெளிர்மஞ்சள் முகம். தினமும் சாவி கொடுக்க வேண்டும். மற்றது கறுப்பு, ஆட்டோமேட்டிக். கை அசைய அசையத் தானே சாவி ஏறும்.

மார்ச் 5

லேபில் வைத்து அளந்தேன். கருவிகளைச் சரிபார்ப்பதுதானே என் பிழைப்பு. கறுப்பு கொஞ்சம் வேகம், மஞ்சள் கொஞ்சம் மந்தம். தடிமன், கண்ணாடி, வார் — எல்லாம் அளந்தாயிற்று. அளந்து?

எங்கள் வீட்டில் அளப்பது நான், முடிவெடுப்பது அவள். ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது நான் டேப்பை விரித்துக்கொண்டிருக்கையிலேயே பில் போட்டுவிட்டாள். "நீ அளந்துட்டே இரு, நான் போய் தண்ணி குளிர வெக்கறேன்."

எதுடி பிடிச்சிருந்தது உனக்கு? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.

மார்ச் 7

சாவி கொடுக்க மறந்தேன். மஞ்சள் நின்றுவிட்டது.

மார்ச் 9, திங்கள்

கறுப்பும் நின்றுவிட்டது. சனி, ஞாயிறு முழுக்கக் கையிலேயேதான் இருந்தது. பழுது என்று கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தான்.

"ரெண்டு நாளா என்ன பண்ணீங்க?"

"படுத்திருந்தேன்."

"பொணம் மாதிரி கெடந்தா அது எப்படி மாமா ஓடும்?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை இருவர் காதிலும் விழுந்தது. அவன் எழுந்து போய் டம்ளர்களைக் கழுவினான். கழுவி வைத்திருந்தவற்றையே.

படிச்ச படிப்பென்ன, பார்க்கற வேலையென்ன. வாட்சைப் போய் சந்தேகப்பட்டேனே.

மார்ச் 13, வெள்ளி

மஞ்சளைத் திருப்பி அனுப்பியாயிற்று. தினமும் காலையில் எழுந்து ஒரு பொருளுக்கு உயிர் கொடுக்க என்னால் ஆகாது. அவளுக்குப் பிடித்தது அதுவாகவே இருந்திருந்தால்? தெரியாது. இனிமேலும் தெரியாது.

மச்சான் ஒரு வழி சொன்னான். "வேலை நாள்ல நீங்க கட்டுங்க, லீவு நாள்ல எங்கிட்ட குடுங்க. நான் ஊர் சுத்தறவன், ஓட்டிடுவேன்." இன்று சாயங்காலமே கொடுத்தனுப்பினேன். ஒரு வாட்சை நடக்கக் கூட்டிப்போக ஆள் போட்டிருக்கிறோம். அவள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மார்ச் 16, திங்கள்

காலையில் வாட்ச் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் அவன் அறைக்குப் போனேன். கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வெள்ளிக்கிழமை போட்டிருந்த அதே சட்டை. கையில் வாட்ச். நின்றிருந்தது.

"ஊர் சுத்தலையாடா?"

அவன் தோள் குலுங்கியது. அக்காவைப் பறிகொடுத்தவன் இவன். இத்தனை நாளும் இவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜன்னலைத் திறந்தேன். "எழுந்திரு. மூஞ்சியக் கழுவு. வெளிய போய் ஏதாவது சாப்பிடலாம்." அதட்டலாகத்தான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

எழுந்தான். ஒரு செருப்பு கட்டிலுக்கடியில் ரொம்ப உள்ளே போயிருந்தது. நான்தான் படுத்து, கையை விட்டு எடுத்தேன்.