ரோட்டோரத்தில் விழுந்த மரை

செவன் ஹில்ஸ்
11 ஜூன் 2025

அன்புள்ள அஸ்கருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால்தான் இந்த எழுத்து. நீங்கள் வேட்டையாடி அனுப்பிய மரைமான் இறைச்சி பெருநாளுக்கு வந்து சேர்ந்தது. உம்மா கறியாக்கினா. வாப்பா, "மருமகன்ட கையால அறுத்தது" என்று வந்தவர்களுக்கெல்லாம் பெருமையோடு பரிமாறினார். நானும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

இன்று வேலையில் ஒருத்தி ஒரு வீடியோ காட்டினாள். மெல்பேர்ன் பக்கத்து மலைரோட்டோரத்தில் ஒரு மரை கிடந்து காலை உதைக்கிறது. காருக்குள் பிள்ளைகள் அழுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, துப்பாக்கியோடு இரண்டு பேர் சும்மா நிற்கிறார்கள். ஒருவர் உங்கள் கூட்டாளி சுஜீதன், மற்றவர் நீங்கள். ஓகஸ்டில் நமக்குக் கலியாணம். என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

ஆஃபியா

~

மல்கிரேவ், மெல்பேர்ன்
13 ஜூன் 2025

அன்பு ஆஃபியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். என்ன கோபம் இது! அந்த வீடியோவுக்குக் கீழே சனம் எழுதியிருக்கிற தூஷணத்தை நானும் பார்த்தேன். இவர்களுக்கு வேட்டை என்றால் கொலை, சுப்பர்மார்க்கெட்டில் பக்கெட் போட்ட இறைச்சி வாங்கினால் ஒன்றுமில்லை.

நாங்கள் சட்டத்தை இம்மியும் மீறவில்லை. லைசன்ஸ் இருக்கிறது. காட்டுக்குள்தான், பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் துப்பாக்கியால் வெடி வைத்தேன். அது காயத்தோடு ஓடிப்போய் ரோட்டோரம் விழுந்துவிட்டது. ரோட்டில் வைத்து மறுபடி சுடச் சட்டம் விடாது, சுடவில்லை. அதற்குள் கார் வந்து நின்று, ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள். என்னைப் போல ஒரு தாடிக்காரன் கத்தியை எடுத்து அறுத்தால் நாளைக்கு டிவியில் என்ன சொல்வார்கள்? நம் ஆட்கள் எல்லோருக்குமல்லவா கெட்ட பெயர்? சுஜீதனும், "பேசாம நில்லு மச்சான், அவையள் போகட்டும்" என்றான். கார் போகும்போது மரையின் உயிரும் அடங்கிவிட்டது. பிறகுதான் அறுத்தேன். பார்க்கிறவர்கள் மனம் நோகாமல் எவ்வளவு மரியாதையாக நடந்திருக்கிறேன், நீங்களே சொல்லுங்கள்!

வாப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். கலியாண ஹோலும் புக் பண்ணியாகிவிட்டது. மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
அஸ்கர்

~

செவன் ஹில்ஸ்
16 ஜூன் 2025

அஸ்கருக்கு,

வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். உயிரோடு கைக்குக் கிடைத்ததை அறுக்காமல் சாகவிட்டு, ஹராமாகிப்போன அந்தச் செத்ததைப் பெருநாளன்று எங்களுக்குத் தின்னத் தந்திருக்கிறீர்கள். வாப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கிறார். உம்மா ஃப்ரீசரில் இருந்த மிச்சத்தைக் கறிச்சட்டியோடு குப்பையில் போட்டா. "தெரியாமத் தின்டதுக்கு அல்லாஹ் மன்னிப்பான் மகள்" என்றா. அவன் மன்னிப்பான். இறைச்சியைவிட உங்கள் கடிதம்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

பயந்தது எனக்கு விளங்கும். தலையில் ஸ்கார்ஃபோடு ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயிலில் தினமும் போகிறவள் நான். ஆனால் அதைச் சுட்டது நீங்கள். ஓடிப்போய்க் கழுத்தில் கத்தியை வைத்திருந்தால் அதன் வேதனை அப்போதே முடிந்திருக்கும். அது உங்கள் கண்முன்னே துடித்துக்கொண்டு கிடக்க, நீங்கள் காரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதற்கு மரியாதை என்று பெயர் வேறு வைக்கிறீர்கள்.

நாளைக்கு நான் எங்கேயாவது விழுந்து கிடந்தாலும், யார் பார்க்கிறார்கள் என்றுதான் நீங்கள் முதலில் பார்ப்பீர்கள். நிச்சயத்தில் போட்ட மோதிரத்தை இங்கே இருக்கிற உங்கள் சாச்சாவிடம் கொடுத்துவிட்டோம். ஹோலுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆஃபியா