சிவப்பு மையில் திரும்பி வந்த கடிதம்

மூதூர்,
9.3.1974

அன்பு மருமகன் றஊபுக்கு, ஜமால்தீன் மாமா ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். உன் உம்மாவின் சுகத்தைப் பின்னால் எழுதுகிறேன், அப்போதாவது முழுவதையும் வாசிப்பாய்.

"இங்கிலீஷில எழுதுங்கோ மாமா, பழகிரும்" என்று லண்டனிலிருந்து கேட்டவன் நீதான். நானும் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் எழுதி அனுப்பினேன், நீ அதைச் சிவப்பு மையால் கீறி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய். உறையைத் திறந்ததும், வெயிலில் அழுகின சூடைமீன் கூடையைத் திறந்தமாதிரி மூக்கைப் பொத்திக்கொண்டேன். முப்பத்தொரு பிழையாம். நேற்று நடந்ததை இன்று நடப்பதாக எழுதினேனாம், 'ஸ்கூலை' 'இஸ்கூல்' என்று வாயாலும் சொல்லக் கூடாதாம். அடேய், திருகோணமலையில் வெள்ளைக்காரனின் டொக்யாட்டில் பதினாறு வருஷம் இந்த இங்கிலீஷாலேயே கப்பல்களை மிரட்டியவன் நான். ஐம்பத்தேழில் அவன் துறைமுகத்தை விட்டு ஓடியதே அதைத் தாங்க ஏலாமல்தான். அதெல்லாம் போகட்டும், பதினேழாவது பிழைதான் தொண்டையில் நிற்கிறது. 'யுவர் மதர், ஹி இஸ் நொட் சீயிங்' என்று எழுதியிருந்தேன். நீ 'ஹி'யை வெட்டி 'ஷி' போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். உம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்றல்லவா அந்த வரி! ஏப்ரல் பதினைந்தில் ஒப்பரேசன், வருவாயா என்றும் கேட்டிருந்தேன். அந்தக் கேள்விக்குறியை அழகாக வளைத்துத் திருத்தியிருக்கிறாய், பதில்தான் இல்லை. சீ!

உம்மா அந்தத் தாளை மூக்கோடு பிடித்து, "சிவப்பாத் தெரியுது காக்கா, என்ன எழுதிரிக்கான்?" என்று கூடப்பிறந்த அண்ணன் என்னிடம் கேட்டாள். கோடி பொய் சொன்ன என் வாய் அன்றைக்கும் சும்மா இருக்கவில்லை, வாறானாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது, "என்ர புள்ள பக்கத்தில நிக்காம ஒருத்தரும் கண்ணத் தொட ஏலாது" என்று நிற்கிறாள். தள்ளிப்போட்டால் மிச்ச வெளிச்சமும் போய்விடும் என்கிறார் டொக்டர். ஆகவே தமிழில் கேட்கிறேன். வருவதானால் தந்தி அடி. வராவிட்டால் அதை நீயே உம்மாவுக்கு எழுது, ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்துக் காட்டுகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே, திருகோணமலை லோஞ்சுப் படகு வரும் நேரமெல்லாம் அவள் இறங்குதுறையில் போய் நிற்கிறாள். முகம் தெரியாததால், இறங்குகிற ஒவ்வொருவனின் கையையும் பிடித்து, "றஊபா?" என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
வாப்பா இல்லாத உன்னை வாப்பாவாக வளர்த்த மாமா,
ஜமால்தீன்